மூக்கைப் பிடி, ஊது, அப்புறம் இறங்கு

ஹாவ்லாக் தீவில் ஸ்கூபா, அதாவது சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவது, சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. இது பதினோராவது சீசன். சொந்த ஊர் தூத்துக்குடி. அந்தமான் போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளை ஆசிரியர் கட்டாக அனுப்பியிருந்தார். படகு கரை திரும்பிய மாலைகளில் உட்கார்ந்து எழுதியவை இந்தப் பதில்கள்.

நீச்சல் சுத்தமாகத் தெரியாது. பிப்ரவரியில் குடும்பத்தோடு வருகிறோம். “ஸ்கூபாவுக்கு 4,500 ரூபாய், நீச்சல் தேவையில்லை” என்கிறார் டிராவல்ஸ்காரர். நம்பலாமா?
வங்கி ஊழியர், ஈரோடு

நம்பலாம். அவர் சொல்வது டிரை டைவ், அதாவது ஒருமுறை இறங்கிப் பார்க்கிற டைவ். பயிற்சியாளர் பின்னாலிருந்து உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடியே வருவார். இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை, மூச்சு விடுவது மட்டும் உங்கள் வேலை. 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப் போகக் கூடாது என்பது விதி. நான் ஏழெட்டு மீட்டரோடு நிறுத்திவிடுவேன். மீனும் பவளமும் அங்கேயே இருக்கின்றன, வெளிச்சமும் அங்கேதான் நன்றாக விழும்.

ஆனால் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். தண்ணீருக்குள் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நீச்சல் தெரியாதவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்றால் மட்டும் சரி. இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு நேரம் பழக்குவீர்கள்? “அதெல்லாம் அஞ்சு நிமிஷம்” என்றால் வேறு கடை பாருங்கள்.

போன சீசனில் ஒரு அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. மூன்று மூச்சு இழுத்ததும் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைப் பிடுங்கிவிட்டு எழுந்து நின்றுவிடுவார். “மூக்கு தேடுதும்மா” என்றார். அதைவிடச் சரியாக அந்தத் தவிப்பை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாலாவது முறை, முகத்தைத் தண்ணீரில் வைத்து இருபது மூச்சு எண்ணுங்கள், போதும் என்றேன். இருபது ஆன பிறகும் தலை மேலே வரவில்லை. முப்பத்தைந்து வரை எண்ணினாராம்.

ஒரே ஒரு கட்டளைதான்: மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடைத்து வைத்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். வேடிக்கை என்னவென்றால், இது நன்றாக நீந்துபவர்களுக்குத்தான் கஷ்டம். தலை நனைந்ததும் மூச்சை அடக்கியே பழகியவர்கள்.

ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும்?
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ஆக்சிஜன் இல்லை தம்பி, காற்று. இப்போது நீங்கள் சுவாசிக்கும் அதே காற்றை வடிகட்டி, 11 லிட்டர் அலுமினிய சிலிண்டருக்குள் 200 பார், அதாவது கரையில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட 200 மடங்கு, அழுத்தத்தில் திணித்திருக்கிறோம். சுத்த ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம்.

நிமிடக் கணக்கு ஆழத்தையும் உங்கள் படபடப்பையும் பொறுத்தது. 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கரையைவிட மூன்று மடங்கு காற்று செலவாகும். ஒரே சிலிண்டரில் நான் ஐம்பது நிமிடம் இருக்கும் இடத்தில், கையையும் காலையும் அடித்துக்கொள்கிறவர் இருபத்தைந்தில் மேலே வந்துவிடுவார்.

போன வருடம் டிரை டைவில் நாலு மீட்டரிலேயே காது பிளக்கிற மாதிரி வலி. மேலே வந்துவிட்டேன். “பயந்தாங்கொள்ளி” என்று கணவர் இன்னும் கிண்டல் செய்கிறார்.
வாசகி, திருப்பூர்

அந்த டைவில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது நீங்கள்தான் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.

செவிப்பறைக்கு உள்ளே ஒரு சின்ன காற்றறை இருக்கிறது. அங்கிருந்து தொண்டைக்கு மெல்லிய குழாய் ஒன்று போகிறது. இறங்க இறங்க வெளியே அழுத்தம் கூடும். அந்தக் குழாய் வழியே உள்ளேயும் காற்று போய்ச் சமமாகாவிட்டால் செவிப்பறை உள்பக்கமாக அமுங்கும். அதுதான் வலி. மாஸ்க்கின் மேலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். ‘டிக்’ என்று திறக்கும். வலித்த பிறகு ஊதக் கூடாது, வலிக்கும் முன்னாலேயே, மீட்டருக்கு ஒருமுறை ஊத வேண்டும். வலி வந்துவிட்டால் ஒரு மீட்டர் ஏறி, அங்கே ஊதிப் பாருங்கள். முதல் பத்து மீட்டரில்தான் அழுத்தம் மளமளவென்று மாறும். உங்களுக்கு நாலு மீட்டரிலேயே வலித்ததில் ஆச்சரியமே இல்லை. உங்களை அவசரமாக இறக்கியிருக்கிறார்கள்.

சளி இருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மாத்திரையின் வேலை பாதி டைவில் முடிந்துவிட்டால், உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் ஏறும்போது வலிக்கும். அது இன்னும் மோசம்.

என் அப்பா சங்குகுளி. மன்னார் வளைகுடாவில் சங்கெடுக்க வெறும் மூச்சில் முங்கியவர். அவர் காலத்தில் காதிலிருந்து ரத்தம் வந்தால் “காது தொறந்துட்டு” என்பார்கள். அதற்கு மேல் வலிக்காது, ஆள் தொழிலுக்குத் தயார் என்று அர்த்தம். செவிப்பறை கிழிந்துவிட்டது என்பதற்கு அப்படி ஒரு கௌரவமான பெயர். அப்பாவுக்கு இடது காது போனது அப்படித்தான். இன்றைக்கும் வலது பக்கம் உட்கார்ந்தால்தான் அவரிடம் பேச முடியும். வலியைப் பொறுத்துக்கொள்வதை வீரம் என்று யாராவது என்னிடம் சொன்னால், எனக்கு அந்தக் காதுதான் ஞாபகம் வரும்.

சொந்தமாகக் கருவிகள் வாங்கலாமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?
மென்பொருள் பொறியாளர், கோவை

மாஸ்க் மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் வாடகைக்கு எடுத்தால் போதும். டிரை டைவ், கோர்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் கருவி வாடகை கட்டணத்திலேயே அடங்கிவிடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்க் ஏன் என்றால், முகம் ஆளுக்கு ஆள் வேறு. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் மாஸ்க். புதிய கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். டூத்பேஸ்ட் போட்டு நாலைந்து முறை தேய்த்துக் கழுவாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கிறது.

வாடகைக் கருவியில் ஒன்றை மட்டும் நீங்களே பாருங்கள், வெட்கப்படாதீர்கள். ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலு மூச்சு இழுங்கள், கண் சிலிண்டரின் அழுத்தம் காட்டும் மீட்டரில் இருக்கட்டும். முள் அசையக் கூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கடைப் பையன் திறப்பதாக நினைத்து மூடி, பிறகு கால் திருப்பு மட்டும் திறந்து அனுப்பினான். படகில் முள் 200-இல் நின்றது. நானும் மூச்சு இழுத்துப் பார்க்காமல் குதித்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து மீட்டரில் காற்று ஸ்ட்ரா வழியே வருவது போல வந்தது. கூட வந்தவருடைய மாற்று ரெகுலேட்டரை வாங்கி வாயில் வைத்து, இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு மெதுவாக ஏறினோம். தப்பு கடையுடையது, சரி. ஆனால் நாலு மூச்சு இழுத்துப் பார்க்காதது நான்.

துடுப்புக் காலணி இரவல் வாங்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அப்பா காலில் கட்டிக்கொண்டு முங்கியது அலுமினியத் தகடு.

டிரை டைவ் போதுமா, கோர்ஸே முடித்துவிடலாமா?
தம்பதி, சென்னை

கடல் பிடிக்குமா என்றே தெரியாதவர்களுக்கு டிரை டைவ். ஏற்கெனவே பிடித்துப்போனவர்கள் பணத்தை இரண்டு தடவை செலவழிக்க வேண்டாம், நேரே ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழ் கோர்ஸ். மூன்று நான்கு நாள் ஆகும், முப்பதாயிரத்துக்கு முன்பின். பாடத்தை ஊரிலேயே ஆன்லைனில் படித்துவிட்டு வந்தால் விடுமுறை மிச்சமாகும். 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கெடு கிடையாது, ஸ்டைல் மார்க்கும் கிடையாது. முடித்தால் உலகத்தில் எங்கேயும் துணையோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். பத்து வயதுப் பிள்ளைகளும் சேரலாம், ஆனால் அவர்களுக்கு ஆழ வரம்பு குறைவு.

அடுத்த படி அட்வான்ஸ்டு, 30 மீட்டர். இங்கே ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள் என்ற இடங்களெல்லாம் அதற்கு அப்புறம்தான். வெள்ளைக்காரத் துரைகளின் பெயர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஜானியும் டிக்சனும் இந்தத் தீவுகளின் கரேன் முக்குளிப்பாளர்கள். 1920-களில் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனத்தின் வாரிசுகள். இந்தக் கடலை எங்களுக்கெல்லாம் காட்டியவர்கள்.

எனக்கு 61 வயது. ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறேன். படிவத்தில் அதைச் சொன்னால் விடமாட்டார்களாமே?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடியாத்தம்

சொல்லாமல் விட்டால்தான் சார் ஆபத்து. மருத்துவப் படிவத்தில் ஒரு ‘ஆம்’ விழுந்தால் டைவ் ரத்து என்று அர்த்தமில்லை, டாக்டர் கையெழுத்து வேண்டும் என்று அர்த்தம். தீவில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது. ஆகவே படிவத்தை முன்கூட்டியே வாங்கி, உங்களை வருடக்கணக்காகப் பார்க்கிற டாக்டரிடம் ஊரிலேயே காட்டிவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய அறுவை, காது அறுவை உள்ளவர்களுக்கும் இதே பதில்தான். கர்ப்பிணிகளுக்கு மட்டும் டாக்டரிடம் போகவே வேண்டாம். கிடையாது.

மாதவிலக்கு நாளில் இறங்கினால் சுறா வருமா?
பெயர் வேண்டாம், திருச்சி

வராது. நான் அந்த நாட்களிலும் வேலைக்குப் போகிறேன். வருகிற சுறாவும் நம்மைப் பார்த்ததும் திரும்பிப் போகிற ரகம். இங்கே நினைவில் வைக்க வேண்டியது முதலை. 2010-இல் ராதாநகர் பக்கம் ஒரு பயணியை அடித்திருக்கிறது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம்.

மீசை இருந்தால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வருமாமே? எடுக்க மாட்டேன்.
மதுரைக்காரன்

எடுக்க வேண்டாம் அண்ணே. மூக்குக்கு நேர் கீழே ஒரு நூல் அகலம் மட்டும் மழித்துக்கொள்ளுங்கள், மாஸ்க் உட்காரும் இடம் அதுதான். அதுவும் கௌரவப் பிரச்சினை என்றால் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

காலையில் டைவ் செய்துவிட்டு அன்றைக்கே சென்னை விமானம் பிடிக்கலாமா?
வாசகர், வேலூர்

கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறும் முன் விமானத்தில் அழுத்தம் குறைந்தால், கோலி சோடாவை உடைத்த கதைதான். டைவிங்கை முதல் நாட்களில் வையுங்கள். ஊர் சுற்றிப் பார்ப்பது, போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம், அங்கே செல்லுலார் சிறை, இதெல்லாம் கடைசியில்.

கடலுக்கடியிலிருந்து சங்கு, பவளம் எடுத்து வரலாமா?
பள்ளி மாணவி, தஞ்சாவூர்

கூடாதும்மா. பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமாகப் பாதுகாக்கப்பட்டது. செத்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் விமான நிலையத்தில் பையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

சங்குகுளி மகள் என்று சொல்கிறீர்கள். அப்பா உங்கள் தீவுக்கு வந்து டைவ் செய்தாரா?
வாசகர், தூத்துக்குடி

2019-இல் வந்தார். படிவத்தை நானே நிரப்பினேன். காது கேள்வியில் ‘ஆம்’ விழுந்தது. டாக்டர் கையெழுத்துப் போடவில்லை, நானும் கெஞ்சவில்லை. டிங்கியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் விருந்தினர்களோடு இறங்கினேன். அப்பா கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குமிழி வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம், படகோட்டி சொன்னார். நான் மேலே வந்து ஏணியைப் பிடித்ததும் என் இரண்டு கையையும் பார்த்தார்.

“ஏட்டி, அம்பது நிமிசமா உள்ள கெடந்துட்டு வெறுங்கையோடயா வார?”