குடிநோயும் தற்கொலை எண்ணமும் பரம்பரையா? கேள்வி பதில்

பெரம்பூர்: சார், அப்பா குடியிலேயே போனார். சித்தப்பா தற்கொலை. இப்போ தம்பி தினமும் குடிக்கிறான், வயசு 27. இதெல்லாம் ரத்தத்துல வர்றதா?

ஓரளவு வருகிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி குடிநோயில் மரபின் பங்கு சுமார் 50%, தற்கொலை நடத்தையில் 30 முதல் 50%. இதை 'தம்பிக்கு 50% வாய்ப்பு' என்று படித்துவிடாதீர்கள். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபால் என்பதுதான் அந்தக் கணக்கு. தனி ஆளின் தலையெழுத்து அதில் இல்லை.

தவிர, இரண்டும் ஒரே சரக்கு அல்ல. தற்கொலைப் போக்கு குடியோடு சேர்ந்தும் இறங்கும், தனியாகவும் இறங்கும். டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, தற்கொலை செய்துகொண்டவர்களின் வளர்த்த குடும்பத்தைவிட பெற்ற குடும்பத்தில்தான் தற்கொலை அதிகம் இருந்தது. இறங்குவதில் முக்கியமானது, முன்பின் யோசிக்காமல் சட்டென்று பாயும் குணம். குடி அந்தக் குணத்தின் பிரேக்கைக் கழற்றிவிடுகிறது. 25 வயதுக்குள் குடி பிடித்து, அடிதடியும் உண்டு, அப்பாவும் குடிநோயாளி என்றால் மரபின் கனம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேளச்சேரி: எச்சில் கொடுத்தா ஜீன் பார்த்துச் சொல்றாங்களாமே, எடுக்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு மனநல மருத்துவரைப் பார்க்கலாம். செரோடோனின் என்ற மூளை ரசாயனம் சம்பந்தப்பட்ட ஜீன்களைப் பற்றி நெடுநாள் பேசினார்கள். ஓர் ஆய்வில் தெரிந்தது அடுத்ததில் காணாமல் போனது. 2022-ல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வில் தற்கொலை முயற்சியோடு தொடர்புள்ள ஓர் இடம் 7-ஆம் குரோமோசோமில் தென்பட்டது. ஆனால் ஒவ்வோர் இடத்தின் பங்கும் துளிதான். எல்லாத் துளியையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும் ஒருவரைக் காட்டி 'இவருக்கு ஆபத்து' என்று சொல்லத் தேறாது. அந்தத் தரவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம்மை அளவெடுக்காமல் நமக்குத் தைத்த சட்டை.

ராயபுரம், மறுவாழ்வு மைய கவுன்சலர்: குடும்ப வரலாறு கேட்டா 'அப்படி யாரும் இல்லை'ன்னு முடிச்சிடறாங்க சார்.

'யாராவது தற்கொலை செய்தார்களா' என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். மூன்று தலைமுறைப் படம் வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குப் பெருக்கல் குறி. ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் மூன்று கேள்வி: எத்தனை வயசு, என்ன ஆச்சு, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்?

'வயித்து வலி தாங்காம போயிட்டார்' என்று வந்தால் அங்கேயே நில்லுங்கள். வீட்டார் முதல் செய்தித்தாள் வரை நம் ஊரில் தற்கொலைக்குப் போர்த்தும் போர்வை அது. 35 வயசு, வேறு நோய் இல்லை, ஒரே நாளில் முடிந்தது என்றால், 'அதுக்கு முன்னாடி வீட்ல ஏதாவது பேச்சு நடந்ததா?' என்று மெதுவாகக் கேளுங்கள். அம்மா வழியை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. பங்காளிகளைச் சொல்வார்கள், மாமன் வீட்டைச் சொல்ல மாட்டார்கள். அம்மாவிடம் தனியாகக் கேட்டால் வரும்.

பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவர் அப்படி இறந்திருந்தாலோ, நோயாளியே முன்பு முயன்றிருந்தாலோ, டிஸ்சார்ஜ் அன்றே அடுத்த சந்திப்புத் தேதியை எழுதிக் கொடுங்கள், ஒரு வாரத்துக்குள். முன்பு முயன்றது எந்த ஜீனையும்விடக் கனமான அடையாளம்.

அம்பத்தூர்: வீட்டுக்காரர் நேத்து காலையிலேருந்து குடிக்கல. கை நடுங்குது, 'செத்துடறேன்'ங்கறார். தெளிஞ்சா சரியாயிடுமா சார்?

காத்திருக்காதீர்கள் அம்மா, இப்போதே கூட்டிப் போங்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. வலிப்பு வந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். அதற்கடுத்த ஓரிரு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் உளறலாம், இல்லாததைப் பார்க்கலாம். இது வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமல்ல. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ அரசுப் பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ போங்கள். வலிப்பு வந்தால் 108. அதுவரை ஆளைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். குளுக்கோஸ் ஏற்றும்முன் தயமின் (வைட்டமின் பி1) போட்டாச்சா என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

குடியால் வந்த மனச்சோர்வு, நிறுத்திய 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். அதனால் மனச்சோர்வு மாத்திரையை மருத்துவர் தள்ளிப்போடலாம். பாதுகாப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

மடிப்பாக்கம்: குடியை நிறுத்தற மாத்திரையை அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலக்கலாமா?

கூடவே கூடாது. அது டைசல்ஃபிராம். தெரியாமல் ஒரு குவார்ட்டர் அடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

பெரம்பூர், மறுபடியும்: தம்பிகிட்ட நேரா கேட்டா நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா? போலீஸ் கேஸ் வேற பயமா இருக்கு.

கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. போதை இல்லாத காலை நேரமாகப் பார்த்து, 'செத்துடலாம்னு தோணுதாடா? எப்படின்னு யோசிச்சியா?' என்று நேராகவே கேளுங்கள். இரண்டாவதற்கு ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனை. முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். சென்னையில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050. அவன் பேச மறுத்தால் நீங்களே முதலில் கூப்பிடுங்கள். வீட்டார் பேசினாலும் வழி சொல்வார்கள்.