கடைத் திறப்புக்கு வியட்நாமியச் சந்திர நாட்காட்டி: நாளைக் கழிப்பதும் நேரத்தை எடுப்பதும்

கேள்வி: சைகோனில் (ஹோ சி மின் நகரம்) வியட்நாமியக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து மசாலாப் பொருள் கடை திறக்கிறேன். உரிமம் அவர் பெயரில். அவர் 1986 ஜூனில் பிறந்தவர். 2026 அக்டோபர் 23, 25, 28 இவற்றில் ஒரு நாள், காலை 10 மணிக்குத் திறக்கலாம் என்றேன். கைபேசிச் செயலி 25-ஐ மிக நல்ல நாள் என்கிறது. கூட்டாளியின் அம்மாவோ 25 வேண்டவே வேண்டாம், எந்த நாளானாலும் 10 மணி என்று முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது என்கிறார். எங்கள் வீட்டில் ராகு காலமும் பார்ப்பார்கள். எதை எடுப்பது?

பதில்: அம்மா சொல்வதே சரி. உங்கள் மூன்று தேதிகளில் எடுக்க வேண்டியது 28, புதன்கிழமை. நேரம் முற்பகல் 11 மணி தாண்டி, 11.30-க்குள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்; அடுத்த முறை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

செயலி நாளைப் பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறது, ஆளைப் பார்க்கவில்லை. வியட்நாமியர் கணக்கில் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் நல்லதான நாள் என்று ஒன்று கிடையாது. என்ன காரியம், யார் பெயரில் என்று தெரிந்த பிறகுதான் நாள் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். முகூர்த்த நாளே ஆனாலும் சந்திராஷ்டமம் என்றால் நம் வீட்டில் ஒதுக்குகிறோம் அல்லவா, அந்தப் போக்குதான். அதனால் நல்ல நாளைத் தேடிப் போகாதீர்கள். ஆகாத நாட்களைக் கழித்துக்கொண்டே வாருங்கள், மிஞ்சுவதில் எடுங்கள். தொடங்குகிறவர்கள் தலைகீழாகச் செய்வதால்தான் குழப்பம் வருகிறது.

அங்கே கடைகளில் தொங்கும் தினசரிக் கிழிநாட்காட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதியும், கீழே சந்திர மாதமும் நாளும், நாளின் விலங்கும், பெரும்பாலானவற்றில் நல்ல நேரங்களும் அச்சாகியிருக்கும். விலங்குகளின் வரிசை இது: எலி, எருமை, புலி, பூனை, டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. சீனர்கள் மாடு, முயல் என்று வைக்கும் இடங்களில் வியட்நாமியர் எருமையையும் பூனையையும் வைக்கிறார்கள். ஆண்டு, மாதம், நாள், இரண்டு மணி நேரப் பொழுது, நான்குக்கும் இந்தப் பன்னிரண்டுதான்.

முதல் கழிப்பு சந்திர நாளின் எண்ணை வைத்து. மாதத்தின் 3, 7, 13, 18, 22, 27 ஆகிய ஆறும் ‘தாம் நுவங்’ நாட்கள். 5, 14, 23 ஆகிய மூன்றும் ‘நுயெத் கீ’. இலக்கங்களைக் கூட்டினால் ஐந்து வரும் என்பதை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒன்பது நாட்களில் வியாபாரிகள் கடை திறக்க மாட்டார்கள், வெளியூர்ப் பயணமும் கிளம்ப மாட்டார்கள். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ ‘யுவங் கொங் கீ’ நாளும் உண்டு. ஒன்பதாம் மாதத்தில் அது 25. கவனம், இவை எல்லாம் சந்திர நாளின் எண்கள். ஆங்கிலத் தேதியில் 23-ஐப் பார்த்துப் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பிழை.

2026-இல் சந்திர ஒன்பதாம் மாதம் அக்டோபர் 10-இல் பிறக்கிறது. ஆகவே அக்டோபர் 23 என்பது 14-ஆம் நாள், அதாவது நுயெத் கீ. இது குதிரை நாள். உங்கள் கூட்டாளி பிறந்த 1986-இன் விலங்கான புலிக்குக் குதிரை நட்பு, கீழே சொல்லும் பன்னிரு இடங்களின் முறையில் ‘நிறைவு’ என்ற நல்ல இடமும் இதற்குண்டு. இருந்தும் முதல் கழிப்பிலேயே போய்விடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் இந்த ஒன்பது நாட்களில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள், வாதாடிப் பயனில்லை.

அடுத்தது ‘ஹுவாங் தாவ்’, ‘ஹக் தாவ்’. மஞ்சள் வழி, கறுப்பு வழி என்ற இந்தப் பிரிவினையைத்தான் செயலிகள் வண்ணப் புள்ளியாகக் காட்டுகின்றன. பன்னிரண்டு தேவதைகள் விலங்கு வரிசையில் ஒவ்வொன்றாக அமர்கிறார்கள். 1, 2, 5, 6, 8, 11 ஆகிய இடங்கள் நல்லவை, மற்ற ஆறும் ஆகாதவை. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது மாதத்தைப் பொறுத்தது. சந்திர 1, 7-ஆம் மாதங்களில் எலியிலிருந்து; 2, 8-இல் புலி; 3, 9-இல் டிராகன்; 4, 10-இல் குதிரை; 5, 11-இல் குரங்கு; 6, 12-இல் நாய். நமக்கு ஒன்பதாம் மாதம். டிராகனை ஒன்று என்று எண்ணினால் டிராகன், பாம்பு, குரங்கு, சேவல், பன்றி, புலி ஆகிய ஆறும் நல்ல நாட்கள். அக்டோபர் 25 குரங்கு, 28 பன்றி. இரண்டும் தேறுகின்றன.

மூன்றாவதாகப் பன்னிரு ‘த்ருக்’ இடங்கள். மாதத்தின் விலங்கு எதுவோ அதே விலங்கு நாள் முதலிடம். அங்கிருந்து வரிசையாக எண்ண வேண்டும். ஒன்பதாம் மாதம் நாய்க்கு உரியது. நாயிலிருந்து எண்ணினால் பதினோராம் இடம் குரங்கு, அதுதான் ‘திறப்பு’. கடை திறக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 25 மஞ்சள் வழி, திறப்பு நாள், போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை. செயலி உச்சி மதிப்பெண் கொடுத்ததில் வியப்பில்லை. பன்றி நாளோ இரண்டாம் இடம், ‘நீக்கம்’: கழுவித் துடைக்க, பழையதை அகற்ற நல்லது, திறப்பு விழாவுக்கு நடுத்தரம். இங்கேயே நின்றுவிட்டால் 25-தான் வெல்லும்.

ஆனால் 25 உங்கள் கூட்டாளிக்கு நேர் எதிர். பன்னிரண்டு விலங்குகளும் எதிரெதிர் ஆறு இணைகளாக நிற்கின்றன: எலி–குதிரை, எருமை–ஆடு, புலி–குரங்கு, பூனை–சேவல், டிராகன்–நாய், பாம்பு–பன்றி. 1986 புலி ஆண்டு. புலிக்காரர் குரங்கு நாளில் தன் பெயரில் கடை திறப்பதை எந்த வியட்நாமியத் தாயும் ஒப்ப மாட்டார். பன்றி நாளின் நிலை வேறு: புலியும் பன்றியும் ஆறு நட்பு இணைகளில் ஒன்று. த்ருக்கில் நடுத்தரமாக இருந்த 28, ஆளுக்குப் பொருந்துவதால் மேலே வந்துவிடுகிறது. என் கணிப்பில் ஆளோடு மோதும் மிக நல்ல நாளைவிட, ஆளோடு ஒட்டும் நடுத்தர நாளே மேல்.

பிறந்த ஆண்டைக் கணக்கிடும்போது ஒரு எச்சரிக்கை. விலங்கு ஜனவரி 1-இல் மாறுவதில்லை, தெத் புத்தாண்டில் மாறுகிறது. 1986-இல் தெத் பிப்ரவரி 9. கூட்டாளி ஜூனில் பிறந்தவர் என்பதால் சிக்கலில்லை. ஜனவரியில் பிறந்திருந்தால் அவர் எருமை. 1985 இன்னும் நுட்பமானது. வியட்நாம் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னே உள்ள நேரத்தை வைத்துச் சந்திர மாதத்தைக் கணிக்கிறது, சீனா 8 மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தால் 1984 டிசம்பரின் உத்தராயணத் தொடக்கம் (பகல் மிகக் குறுகிய நாள்) வியட்நாமில் 21-ஆம் தேதி, சீனாவில் 22 என்று விழுந்தது. அதனால் வியட்நாமியத் தெத் 1985 ஜனவரி 21-இல் வந்தது, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20-இல். இடைப்பட்ட நாட்களில் பிறந்தவர் ஹனோயில் எருமை, பெய்ஜிங்கில் எலி. சீனச் செயலியில் பிறந்த தேதியைப் போட்டு முடிவெடுக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். 2007-இல் ஒரு நாள் வித்தியாசம் வந்தது. 2030-இலும் வரும், வியட்நாமில் பிப்ரவரி 2, சீனாவில் 3.

இனி நேரம். இரவு 11 முதல் 1 மணி வரை எலிப்பொழுது. அங்கிருந்து இரண்டிரண்டு மணியாக வரிசை ஓடுகிறது. டிராகன் காலை 7–9, பாம்பு 9–11, குதிரை 11–1, ஆடு 1–3, குரங்கு 3–5. நாளுக்குச் செய்த அதே எண்ணிக்கை நேரத்துக்கும் உண்டு, தொடக்கம் மட்டும் நாளின் விலங்கைப் பொறுத்தது. புலி, குரங்கு நாட்களில் எலியிலிருந்து. பூனை, சேவல் நாட்களில் புலி. டிராகன், நாய் நாட்களில் டிராகன். பாம்பு, பன்றி நாட்களில் குதிரை. எலி, குதிரை நாட்களில் குரங்கு. எருமை, ஆடு நாட்களில் நாய்.

28 பன்றி நாள். குதிரையை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். குதிரை, ஆடு, நாய், பன்றி, எருமை, டிராகன் நல்லவை. நீங்கள் கேட்ட 10 மணி பாம்புப்பொழுதில் விழுகிறது. அது பன்னிரண்டாம் இடம், கறுப்பு வழி. அதோடு பன்றி நாளுக்கே பாம்பு எதிரி. இரட்டைப் பழுது. கடை வேளைக்குள் வருபவை டிராகன் (7–9), குதிரை (11–1), ஆடு (1–3). மூன்றில் குதிரையைத்தான் எடுப்பேன். வரிசையின் முதல் தேவதையான பச்சை டிராகன், ‘தான் லோங்’, அமரும் பொழுது அது. புலி, குதிரை, நாய் மூன்றும் நட்பு முக்கோணம் என்பதால் கூட்டாளிக்கும் உகந்தது.

உங்கள் வீட்டு ராகு காலத்தைச் சேர்த்துப் பாருங்கள். புதன் 12–1.30 என்பது சூரிய உதயம் 6 மணி என்று வைத்துச் சொல்லும் பொதுக் கணக்கு. சைகோனில் அக்டோபர் கடைசியில் நடுப்பகல் ஏறத்தாழ 11.37-க்கே வந்துவிடுகிறது, புதன்கிழமை ராகு காலம் நடுப்பகலில்தான் தொடங்கும். ஆகவே 12 வரை இழுக்க வேண்டாம், 11.05 முதல் 11.30-க்குள் ஊதுபத்தியை ஏற்றிவிடுங்கள். சரியாக 11.00 என்று வைக்காமல் ஐந்து நிமிடம் தள்ளுவது நல்லது, பொழுதின் எல்லையில் நிற்கக் கூடாது. காலை 7–9 டிராகன் பொழுதை எடுத்தால் எமகண்டம் குறுக்கே வரும். அதனாலும் 11 மணியே வசதி.

படையலை 10.45-க்குள் வைத்து முடியுங்கள். ஐந்து வகைப் பழம், பூ, அரிசி, உப்பு, தண்ணீர், தேநீர், மது, மெழுகுவர்த்தி, ஒட்டும் அரிசிச் சோறு, இனிப்புக் கஞ்சி, அவித்த முழுக்கோழி, எரிக்கும் காகிதப் பொருட்கள், இதுதான் வழக்கம். தெற்கு வியட்நாமில், கடை மூலையில் தரையோடு வைக்கும் செல்வ தெய்வம் ‘தான் தாய்’, நில தெய்வம் ‘ஓங் தியா’ இருவரின் பீடத்துக்கு அவித்த பன்றி இறைச்சித் துண்டு, முட்டை, இறால் அல்லது நண்டு என்று மூன்றும் வைப்பார்கள். நீங்கள் சைவம் என்றால் சைவப் படையலும் ஏற்புடையதுதான். கூட்டாளியின் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அன்று காலையில் சொன்னால் வருத்தம் வரும். ஊதுபத்தி ஏற்ற வேண்டியவர் உரிமக்காரர். முதல் விற்பனையை யார் கையால் வாங்குவது என்பதையும் ஏற்பாடு செய்யுங்கள்; அதற்கு ‘மோ ஹாங்’ என்று பெயர், நம் ஊர் போணிதான். 1978, 1990-இன் குதிரைக்காரர், 1982, 1994-இன் நாய்க்காரர், 1983, 1995-இன் பன்றிக்காரர் நல்லவர்கள். குரங்குக்காரரை (1980, 1992) கூட்டாளிக்காகவும், பாம்புக்காரரை (1977, 1989) அன்றைய நாளுக்காகவும் தவிர்க்கலாம். நீங்களே பாம்பு ஆண்டில் பிறந்தவர் என்றால் பத்தி ஏற்றும்போது பின்னால் நின்றுகொள்ளுங்கள். நாளை மாற்ற வேண்டியதில்லை.

28-க்குள் உள்வேலை முடியாது போனால் நவம்பர் 7, சனிக்கிழமை இருக்கிறது. சந்திர 29, சேவல் நாள், மஞ்சள் வழி. இங்கே பல செயலிகள் தவறும். ஹுவாங் தாவ் நாளுக்குச் சந்திர மாதம் பார்க்க வேண்டும். த்ருக்குக்கோ சூரியனின் நகர்வை வைத்துப் பிரிக்கும் பருவக்கணு மாதம். நவம்பர் 7-இல் குளிர்காலத் தொடக்கக் கணு விழுவதால் அன்றிலிருந்தே மாதம் பன்றிக்கு மாறிவிடுகிறது. பன்றியிலிருந்து எண்ணினால் சேவல் ‘திறப்பு’. சந்திர மாதத்தையே பிடித்துக்கொண்டு நாயிலிருந்து எண்ணும் செயலி அதே நாளை ‘அடைப்பு’ என்று காட்டும். முந்தைய நாள் நவம்பர் 6-உம் திறப்புதான், ஆனால் பருவத் தொடக்கத்துக்கு முதல் நாள் ‘து துயெத்’, எல்லாக் காரியத்துக்கும் ஒதுக்கு; போதாததற்குக் குரங்கு நாள். நவம்பர் 7-க்கும் குதிரைப்பொழுதே சரி, ஆனால் சனிக்கிழமை ராகு காலம் காலையிலேயே முடிந்துவிடுவதால் 11.05-இலிருந்து 12.45 வரை நிதானமாகச் செய்யலாம்.

அம்மா ‘கிம் லவ்’ என்று ஏதாவது சொன்னால் கடைத் திறப்புக்கு அது தேவையில்லை. வீடு கட்டும் ஆணுக்கும் மணப்பெண்ணுக்கும் பார்ப்பது அது. பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் வயதை 9-ஆல் வகுத்து மீதி 1, 3, 6, 8 வந்தால் அந்த ஆண்டு ஆகாது. 1994-இல் பிறந்த பெண்ணுக்கு 2026-இல் வயது 33, மீதி 6, ஆகவே கிம் லவ். திருமணத்தைத் தள்ளுவார்கள், அல்லது டிசம்பரில் வரும் அந்த உத்தராயணத் தொடக்கம் கழிந்த பிறகு வைப்பார்கள்.

சரக்கோ பலகையோ 28-க்கு வந்து சேராவிட்டாலும் நாளை விட்டுவிட வேண்டாம். அன்று 11 மணிப் பொழுதில் பீடத்துக்குப் படைத்து, கதவைத் திறந்து, கையிலிருக்கும் ஒரு பொட்டலம் மஞ்சள் தூளையாவது விற்றுப் பணத்தைக் கல்லாவில் போட்டுவிடுங்கள். நாளை அன்றே எடுத்துக்கொண்டதாகக் கணக்கு. விருந்தினரை அழைக்கும் விழாவை உங்களுக்கு வசதியான வார இறுதியில், மேலே சொன்ன ஒன்பது எண்களும் குரங்கு நாளும் தவிர்த்து வைத்துக்கொள்ளலாம்.