ஏணியைக் கொடுத்துவிடுங்கள், வாளி மூடியை வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: தஞ்சாவூரில் 1,200 சதுரடியில் புது வீடு கட்டினோம். உள்பக்கம் பெயிண்ட் அடிக்க, மெட்டீரியலோடு சதுரடிக்கு 30 ரூபாய் என்று ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டரிடம் பேசினோம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். சுவரும் கூரையுமாக 4,500 சதுரடி என்று அளந்து 1,35,000 ரூபாய் கேட்டார். 95,000 கொடுத்துவிட்டேன். ஹாலுக்கு நாங்கள் சொன்ன ஷேட் வேறு, அடித்தது வேறு. படுக்கையறைக்குத் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறம் சுவரில் ஊதாவாகத் தெரிகிறது. உயர்ரக எமல்ஷன் என்று சொல்லி மலிவானதை அடித்துவிட்டாரோ என்றும் சந்தேகம். பூச்சு வேலை முடிந்த பன்னிரண்டாம் நாளே பெயிண்ட் வேலையைத் தொடங்கி, ஆவணியில் கிரகப்பிரவேசம் செய்தோம். ஐப்பசி மழைக்கே இரண்டு அறைகளில் உரிகிறது. பாக்கி 40,000 கேட்டு தினமும் போன் வருகிறது. அவருடைய இரண்டு ஏணிகள் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றைத் தராமல் வைத்துக்கொள்ளலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா? பொங்கலுக்குள் வேறு ஆளை வைத்து அடித்துவிடலாம் என்று இருக்கிறோம்.

பதில்: அடுத்த பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சுவரைச் சுரண்டிவிட்டால் உங்கள் வழக்கின் பாதி குப்பைக்குப் போய்விடும்.

முதலில் படுக்கையறை நிறத்தை விட்டுவிடுங்கள். ஷேட் கார்டில் தீப்பெட்டி அகலத்துக்குப் பார்த்த நிறம் நாலு சுவரிலும் ஏறும்போது அடர்த்தியாகத் தெரிவதும், பகலில் சாம்பலாக இருப்பது டியூப்லைட்டில் ஊதாவாவதும் இயல்பு. நீங்கள் சொன்ன நம்பரையே அடித்திருந்தால் அதில் அவர் பிழை எதுவும் இல்லை. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதற்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது.

ஹால் விஷயம் வேறு. இப்போது கடைகளில் வெள்ளை பேஸில் மெஷின் வைத்துத்தான் நிறம் கலக்கிறார்கள். கலந்து முடித்ததும் ஷேட் நம்பர், பேஸ், அளவு, தேதி அச்சடித்த ஸ்டிக்கரை மூடியில் ஒட்டுவது வழக்கம். காலி வாளிகள் மொட்டைமாடியில் கிடந்தால் இன்றே எடுத்து உள்ளே வையுங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய நம்பரும் மூடியில் உள்ள நம்பரும் வேறாக இருந்தால், அது ரசனை பற்றிய தகராறு அல்ல, பேச்சு மீறல். எழுத்தில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. அந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். பிரிண்ட் எடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்த்துவிடுவது நல்லது.

மலிவான பெயிண்ட் என்ற சந்தேகத்துக்கும் அந்த வாளிகள்தான் சாட்சி. கடை பில்லைக் கேளுங்கள். ஒரு லிட்டர் எத்தனை சதுரடிக்கு வரும் என்று கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும். 4,500 சதுரடிக்கு எத்தனை வாளி ஆகியிருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அந்த 4,500-ஐயும் ஒருமுறை டேப் பிடித்துப் பாருங்கள். ஜன்னல், கதவுத் திறப்புகளைக் கழிக்காமல் அளக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. கழிப்பது பற்றி முன்கூட்டிப் பேசினீர்களா என்பதும் முக்கியம்.

இனி, உரிதல். ஒரு சில்லை மெதுவாகப் பெயர்த்துப் பின்பக்கம் பாருங்கள். பெயிண்ட் மட்டும் தாளாக வந்து, பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமன்செய்யத் தேய்க்கும் வெள்ளைப் பூச்சு) சுவரிலேயே வழுவழுவென்று நின்றால் பிரைமரில், அதாவது பெயிண்ட் ஒட்டிப் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சில், கோளாறு இருக்கலாம். பட்டியும் சேர்ந்து பெயர்ந்து, அடியில் சிமென்ட் ஈரமாகவோ வெள்ளையாக உப்புப் பூத்தோ இருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. உங்கள் வழக்கின் பலவீனம் இங்கேதான். புதுப் பூச்சை நீராற்றிக் காயவிட நாலு வாரமாவது விடுவார்கள், நீங்கள் பன்னிரண்டு நாளில் பெயிண்டரை இறக்கியிருக்கிறீர்கள். “நாள் குறிச்சிட்டோம், முடிச்சுக் கொடுங்கன்னு அவங்கதான் விரட்டினாங்க” என்று அவர் சொல்வார். தொழில் தெரிந்தவர் எச்சரிக்க வேண்டியது கடமை என்பது நம் பதில். ஆனால் அவர் எச்சரித்து வாய்ஸ் மெசேஜ் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா? பழைய உரையாடலை முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டு வழக்குப் பற்றி யோசியுங்கள். அப்படி ஒன்று இருந்தால் உரிதலை முதன்மைப் புகாராக வைக்காதீர்கள், ஷேட்டையும் தரத்தையும் முன்னால் வையுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்குத் தகுதி உண்டு. தினக்கூலிக்கு ஆள் வைத்து, நீங்களே பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருந்தால் அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம், ‘சேவை’ ஆகாது என்று வாதிட இடமிருக்கும். சதுரடிக் கணக்கில், மெட்டீரியலோடு பேசியதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இது சேவை, குறைபாடு இருந்தால் அவர் பொறுப்பு. கான்ட்ராக்டர் எந்த ஊர்க்காரரானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. குறைபாடு ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை (வக்கீலான நானே சொல்கிறேன்). குறையைச் சரிசெய்யவும், பணத்தைத் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு இழப்பீடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம்.

அதற்கு முன் ஒரு நோட்டீஸ். உரிந்த இடங்கள், ஷேட் நம்பர் வித்தியாசம், பாக்கித் தொகை மூன்றையும் எழுதி, 15 நாளில் வந்து பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள். வரவில்லையென்றால் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து ஈரம், பட்டி, பிரைமர் பார்த்து அறிக்கையும் சரிசெய்யும் செலவு மதிப்பீடும் வாங்குங்கள். அதன் பிறகு பொங்கலுக்கு ஹாலை அடித்துக்கொள்ளலாம். உரிந்த அறைகளில் ஒன்றையாவது அப்படியே விடுங்கள். நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் ஒரு வக்கீலை, அதாவது வக்கீல் கமிஷனரை, அனுப்பினால் அவர் பார்ப்பதற்குச் சுவர் வேண்டும். விருந்தாளிகள் முகம் சுளித்தால் கதவைச் சாத்தி வையுங்கள்.

பாக்கி 40,000-ஐ மொத்தமாகப் பிடித்துவைக்க ஒரே வழி, காரணத்தை எழுதித் தெரிவிப்பதுதான். சும்மா போனை எடுக்காமல் இருந்தால் நீங்கள்தான் ஏமாற்றுபவராகத் தெரிவீர்கள். வேலைக்கூலிக்கு 3 ஆண்டுகள் வரை அவரும் வழக்குப் போடலாம். சரிசெய்யும் மதிப்பீடு 25,000 என்று வந்தால் மீதி 15,000-ஐ வங்கி வழியாகக் கொடுத்துவிடுவது என் யோசனை. ஆணையத்தில் அது உங்கள் நேர்மைக்குச் சாட்சி சொல்லும்.

போலீஸ் வேண்டாம். ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். “சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்று ஸ்டேஷனில் சொல்வார்கள், இந்த விஷயத்தில் அது சரியும்கூட.

ஏணிகளைப் பணத்துக்கு ஈடாக வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. அவர் அவற்றைக் கேட்டு, நீங்கள் மறுத்தீர்கள் என்றால் புகார் உங்கள் மேல் திரும்பும். அதோடு, ஏணி இல்லாமல் அந்த ஆள் அடுத்த வேலைக்கு எப்படிப் போவார்? நோட்டீஸ் அனுப்பும் அன்றே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். “இரண்டு ஏணிகள் பெற்றுக்கொண்டேன்” என்று ஒரு துண்டுச்சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, வாளி மூடிகளோடு வையுங்கள்.