சுலைமான் கான் ஒருவரா, இருவரா?

பஹாய் சமய வரலாற்றில் இந்தப் பெயரில் இருவர். 1852-இல் தெஹ்ரானில் கொல்லப்பட்டவர் எப்படி 1870-களில் இந்தியா வந்தார் என்ற உங்கள் குழப்பம் பெயரால் வந்தது.

முதலாமவர் ஈரானின் தப்ரீஸ் நகரத்துக்காரர், ஹாஜி சுலைமான் கான். பாபி சமயத்தை நிறுவி, 1850-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பாபின் உடலை மீட்கச் செய்தவர். 1852-இல் இவர் உடலில் துளையிட்டு, எரியும் மெழுகுவர்த்திகளைச் செருகித் தெருத்தெருவாக நடத்தியபோதும் பாடிக்கொண்டே போனாராம். அந்த வர்ணனை மறக்காது. அதனால்தான் பெயரைக் கண்டதும் இவரே நினைவுக்கு வருகிறார்.

நீங்கள் தேடுபவர் இரண்டாமவர், வட ஈரானின் தோனெகாபோன் ஊர்க்காரர். பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா இவரை இந்தியாவுக்கு அனுப்பினார். இங்கே ஜமால் எஃபெண்டி என்றே அறியப்பட்டார். நவாபுகளின் விருந்தினராகவும் இருந்தார், பக்கிரிபோலவும் சுற்றினார். 1878-இல் சையது முஸ்தபா ரூமியுடன் பர்மாவுக்குப் போனார். மறைந்தது 1898-இல், இன்றைய இஸ்ரேலில் உள்ள அக்கா நகரில்.

நீங்கள் படிக்கும் நூலில் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள்: தப்ரீஸா, தோனெகாபோனா? ஊர் இல்லையென்றால் ஆண்டு போதும்.

ஒன்று மட்டும்: முதலாமவரை ‘பஹாய்’ என்று எழுதிவிடாதீர்கள். பஹாவுல்லா தம்மை அறிவித்தது 1863-இல். முதலாமவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்; அவர் பாபி, அதாவது பாபைப் பின்பற்றியவர்.