ஜீப்ரா மீனுக்கு சுகர் எப்டி வரும்? அத வச்சு நமக்கு மருந்து கண்டுபிடிக்க முடியுமா?

வரும்ங்க. நான் களியக்காவிளைக்காரன், தினமும் பார்டர் தாண்டி திருவனந்தபுரத்துல ஒரு லேப்ல மீன் ரூம் பாத்துக்குற வேலை, அதனால கண்ணால பாத்தத சொல்றேன். மீனுக்கும் கணையம் உண்டு, இன்சுலின் சுரக்குற பீட்டா செல்லும் உண்டு. 2013ல இதோட ஜீனோம், அதாவது மொத்த மரபணு வரிசை, வெளிவந்தப்ப மனுஷ ஜீன்கள்ல ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இதுலயும் ஜோடி இருக்குன்னு தெரிஞ்சுது.

குளுக்கோஸ் கரைச்ச தண்ணில வாரக்கணக்கா விட்டா சுகர் ஏறும், ஆர்ட்டீமியாங்குற குட்டி இறாலை அளவில்லாம போட்டுட்டே இருந்தா ரெண்டு மாசத்துல நல்லா கொழுப்பு வச்சுரும். ரத்தம் எடுக்கதுதான் பாடு, மீனே மூணு நாலு சென்டிமீட்டர், கெடைக்கது பொட்டுத் துளி, எங்கம்மா வீட்டுல விரல குத்திப் பாப்பாங்கல்லா அதே மாதிரி குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்லதான் அதையும் வப்போம்.

ஆனா இதுல வேலை செஞ்ச மருந்து அப்படியே நமக்கு ஆகும்னு நம்பிராதீங்க. இது குளிர் ரத்தப் பிராணி, நம்மள மாதிரி உடம்புச் சூட்டுக்காக கொழுப்ப எரிக்காது. மீனுக்கு அப்புறம் எலி, அப்புறம்தான் மனுஷன்.

அப்ப எதுக்கு மீன்னு கேட்டா, குஞ்சு கண்ணாடி மாதிரி, உள்ள நடக்கது உயிரோட தெரியும். பீட்டா செல் மட்டும் பச்சையா ஒளிர்ற மாதிரி ஜீன் மாத்துன குஞ்ச மைக்ராஸ்கோப்ல வச்சா ஒரு பச்சப் புள்ளி தெரியும். அந்த செல்லுல ஒரு பாக்டீரியா என்சைமையும் சேத்து வச்சிருப்பாங்க, வயித்துப்போக்குக்கு நாம போடுற மெட்ரோனிடசோல் இருக்குல்லா, அத தண்ணில கலந்தா அந்த என்சைம் அத விஷமாக்கி பீட்டா செல்ல மட்டும் கொன்னுரும், புள்ளி அணைஞ்சு போகும். மருந்தக் கழுவி விட்டா ரெண்டு மூணு நாள்ல பைய திரும்ப முளைக்கும்! வளந்த மனுஷனுக்கு அப்டி முளைக்கதே அபூர்வம், மீனுக்கு மட்டும் எது முளைக்க வைக்குதுன்னுதான் தேடுறாங்க, என்னக் கேட்டா இந்த மீனோட பெரிய பிரயோஜனமே இதுதான்.

அந்தப் புள்ளி படத்த அம்மாகிட்ட காட்டுனேன். "எனக்கும் இப்டி வருமா மக்களே?"ன்னு கேட்டாங்க. இப்ப இல்லம்மா, ஊசிய நேரத்துக்குப் போடுங்கன்னு சொன்னேன்.