பணமும் அந்தஸ்தும் தேடிப்போய்க் கெட்டவர்களைப் பற்றிய பழைய அமெரிக்க நாவல்களில் உங்களை அதிகம் உலுக்கியது எது?

தியோடர் டிரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜடி'. 1925-இல் வந்தது. அதே ஆண்டில் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி'யைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கும் அது பிடித்த நாவல்தான். ஆனால் கேட்ஸ்பியை நாம் சந்திக்கும்போதே கள்ளச்சாராயப் பணம், மாளிகை, விருந்து எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு ஏழைப் பையன் எந்த நாளில், எந்த இடத்தில் வழுக்க ஆரம்பித்தான் என்று கூடவே நடந்து பார்க்க வேண்டுமென்றால் டிரைசரிடம்தான் போக வேண்டும்.

கதாநாயகன் கிளைட் கிரிஃபித்ஸ். அவனுடைய அப்பாவும் அம்மாவும் கான்சஸ் சிட்டியின் தெருமுனைகளில் பாட்டுப் பாடிப் பிரசங்கம் செய்பவர்கள். பிள்ளைகளும் கூட நின்று பாட வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்களே என்று அவன் கூசிப்போவதில்தான் நாவல் தொடங்குகிறது. பணத்தின் மேல் அவனுக்கு ஆசை வருவதற்கு முன்பே அந்த வெட்கம் வந்துவிடுகிறது. பிறகு பெரிய ஹோட்டல் ஒன்றில் பெட்டி தூக்கும் பையனாக வேலை. கையில் டிப்ஸ் காசு, புது நண்பர்கள், ஹார்ட்டென்ஸ் என்று ஒரு பெண். கடையில் பார்த்த ஃபர் கோட்டை வாங்கித்தரச் சொல்லி அவள் அவனை நச்சரிக்கிறாள்.

அதே சமயத்தில் வீட்டில் வேறு கதை. நடிகன் ஒருவனை நம்பி ஓடிப்போன அக்கா எஸ்டா, கைவிடப்பட்டு, கர்ப்பிணியாகத் திரும்பி வந்திருக்கிறாள். அம்மா அவளை யாருக்கும் தெரியாமல் ஒரு வாடகை அறையில் வைத்திருக்கிறாள். பிரசவச் செலவுக்கு வழியில்லாமல் மகனிடம் வந்து கேட்கிறாள். கோட்டுக்காகச் சேர்த்த பணம் அவனிடம் அப்படியே இருக்கிறது. அக்காவின் நிலைமையும் அவனுக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிடுகிறான்.

முதல் தடவை படித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இந்த இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போனேன். பத்து வருஷம் கழித்து மறுபடி படித்தபோது இதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடகு வைத்த கம்மலைத் திருப்ப அம்மா பணம் கேட்டார். புது போனுக்காக எடுத்துவைத்த பணம் என் அக்கவுண்டில் இருந்தது. "இந்த மாசம் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "சரிப்பா, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டார். இன்றுவரை அவரிடம் அதைச் சொன்னதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு கார் விபத்துக்குப் பிறகு ஊரைவிட்டே ஓடும் கிளைட், கடைசியில் நியூயார்க் மாநிலத்தில் லைகர்கஸ் என்ற ஊருக்கு வருகிறான். டிரைசரின் கற்பனை ஊர் அது. அங்கே பெரியப்பாவுக்குச் சட்டைக் காலர் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ரொபர்ட்டா என்ற ஏழைப் பெண்ணோடு ரகசியமாகப் பழகுகிறான். அப்புறம் ஒருநாள் பணக்கார வீட்டுப் பெண் சோன்ட்ரா காரை நிறுத்தி அவனைக் கூப்பிடுகிறாள். அவள் கூப்பிட்டது அவனையே இல்லை. பெரியப்பா மகன் கில்பர்ட்டும் இவனும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். கில்பர்ட் என்று நினைத்துவிட்டாள். கிளைடின் புது வாழ்வு முழுவதும் அந்த ஆள்மாறாட்டத்திலிருந்துதான் முளைக்கிறது. நாவலில் எனக்கு மிகவும் வலித்த இடங்களில் அது ஒன்று.

ரொபர்ட்டா கர்ப்பமாகிறாள், கல்யாணம் செய்துகொள் என்கிறாள். ஆள் நடமாட்டம் இல்லாத ஏரிக்கு அவளைக் கூட்டிப்போகிறான். தானும் மூழ்கிவிட்டதாக எல்லோரும் நம்பட்டும் என்று, தண்ணீரில் மிதக்கவிட இன்னொரு தொப்பியையும் தயாராக வைத்திருக்கிறான். படகில் ஏறிய பிறகு கொல்லவும் துணிவில்லை, விடவும் மனமில்லை. அருகில் வந்தவளை விலக்கப்போய்க் கையிலிருந்த கேமரா அவள் முகத்தில் பட்டுவிடுகிறது. படகு கவிழ்கிறது. அவள் கத்துகிறாள். அவன் கரையை நோக்கி நீந்துகிறான்.

இது நடந்த ஒன்றிலிருந்து பிறந்த கதை. 1906 ஜூலையில் பிக் மூஸ் ஏரியில் கிரேஸ் பிரவுன் என்ற தொழிலாளிப் பெண் இறந்தாள். அவளோடு போன செஸ்டர் ஜில்லெட், கார்ட்லண்ட் ஊரில் தன் அப்பாவுடைய சகோதரரின் பாவாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். 1908-இல் அவனை மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

நாவலில் விசாரணைப் பகுதி நீளம்தான், ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். வழக்கு நடத்தும் அரசு வக்கீல் மேசனுக்குத் தேர்தலில் ஜெயித்து நீதிபதியாக வேண்டும் என்ற கனவு. அவனுடைய உதவியாளன் ரொபர்ட்டாவின் தலைமுடியைக் கொண்டுபோய்க் கேமராவில் சிக்கவைக்கிறான். மேலே ஏற வேண்டும் என்ற ஆசை கிளைடிடம் மட்டும் இல்லை, அவனைத் தண்டிக்க வந்தவர்களிடமும் இருக்கிறது. ரொபர்ட்டா கெஞ்சி எழுதிய கடிதங்கள் ஊர் முன்னால் உரக்க வாசிக்கப்படுகின்றன. சோன்ட்ராவின் பெயர் மட்டும் எவர் வாயிலும் வரவில்லை. அப்பாவின் செல்வாக்கால் கோர்ட்டில் அவள் 'மிஸ் எக்ஸ்'. சிறையில் இருப்பவனுக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. டைப் அடித்தது. கையெழுத்து இல்லை.

கடைசிக் காட்சி சான் ஃபிரான்சிஸ்கோவில். மரண தண்டனையில் கிளைட் போய்விட்டான், பெற்றோர் இன்னும் தெருவில் பாடுகிறார்கள். கூட ஒரு சிறுவன், ரஸ்ஸல், எஸ்டாவின் மகன். எந்தப் பிரசவத்துக்குக் கிளைட் பணம் இல்லை என்றானோ, அதில் பிறந்த பிள்ளை. ஐஸ்கிரீம் வாங்கப் பாட்டியிடம் பத்து சென்ட் கேட்கிறான். இவனையாவது ரொம்ப அடக்கி வைக்கக் கூடாது என்று நினைத்தபடி பாட்டி எடுத்துக் கொடுக்கிறாள். பையன் ஓடுகிறான்.