வெறுத்துப்போன விண்டோஸ்காரர்கள் லினக்ஸுக்கு மாறுவார்களா?

கேட்டவர் சொல்வது இது: விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுபோச்சு, 11 பழைய கணினியில் ஏறமாட்டேன் என்கிறது, நடுவில் விளம்பரம், ஏஐ, அதில் நுழை இதில் நுழை என்று ஆயிரத்தெட்டுத் தொல்லை, இந்த எரிச்சலில் ஜனங்கள், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் பக்கம் வருவார்களா?

வரமாட்டார்கள். வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் எரிச்சல்பட்டவர்களாக இருப்பதில்லை. இது எனக்கே புரியக் கொஞ்ச காலம் பிடித்தது, அதனால் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் மலேசியாவில் பினாங்கு. பகலில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறில் சொந்தக்காரர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கணினி பார்த்துக் கொடுப்பேன், கூலி பெரும்பாலும் சாப்பாடு. வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆகவே எனக்கு இதில் ஆசை உண்டு, நடுநிலைமை எல்லாம் கிடையாது, படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆள் ஓர் அச்சக அண்ணன். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பதினாறாம் நாள் அட்டை எல்லாம் அங்கேதான் அடிக்கிறார்கள், தைப்பூசம் நெருங்கினால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரியும். விண்டோஸைத் திட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "தம்பி, இந்தச் சனியனத் தூக்கிப் போட்டுட்டு ஒன்னோட லினக்ஸப் போட்டு விடு" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10 ஆதரவு முடிகிறது என்று திரையில் செய்தி வர ஆரம்பித்ததும் இன்னும் ஏறிக்கொண்டது.

அவருடைய மேசைக் கணினியில் இருப்பது கோர் ஐ5 7400, அதாவது இன்டெல் ஏழாம் தலைமுறை, 2017 தொடக்கத்தில் வந்தது. விண்டோஸ் 11 ஓரிரு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும். ஒரே ஒரு தலைமுறை குறைந்ததால் அண்ணன் கணினி வெளியே. ஒருநாள் விசிறியைக் கழற்றித் தூசு தட்டியபோது சிப்பின் மேல் காய்ந்துபோயிருந்த பசையைத் துடைத்தேன், கீழே மலாய் என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தது, மலேசியாவில் முடித்த சிப்பு என்று அர்த்தம். இன்டெல் 1972இல் பினாங்கில் ஆலை போட்டது, இந்த ஊரில் பாதிக் குடும்பத்தில் அம்மாவோ அத்தையோ இந்த மாதிரி ஆலைகளில் வேலை பார்த்திருப்பார்கள். எங்க ஊரில் மூடி போட்ட சிப்பு எங்க ஊர்க் கடையிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கோ இருப்பவர் இது வயசானது என்கிறார். அண்ணனுக்குக் கோபம் வருவதில் தப்பே இல்லை.

சரி, இவ்வளவு கோபம் இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நிறுவாமலே பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் இல்லையா, அதைக் காட்டினேன். வேகத்தைப் பார்த்து அசந்துவிட்டார். அப்புறம் கேட்டார்: "பேஜ்மேக்கர் எங்கடா?"

அங்கே முடிந்தது கதை. தமிழ் அச்சகங்களை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பேஜ்மேக்கர் என்பது பக்கம் வடிவமைக்கிற பழைய அடோபி மென்பொருள், அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல், அடோபியே அதை விட்டுவிட்டு இன்டிசைன் என்ற மென்பொருளுக்குப் போய் எத்தனையோ வருஷம். ஆனால் அண்ணனிடம் இருபது வருஷத்துக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கோயிலும் போன வருஷ நோட்டீஸை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றச் சொல்லும். எழுத்துருக்களும் யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு முந்தியவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஏற்பாடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "அருள்மிகு" இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாக நிற்கும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக பேஜ்மேக்கரை ஓட்டிப் பார்த்தேன். திறந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தோம், மாப்பிள்ளை பெயரின் கடைசி எழுத்து மட்டும் அடுத்த வரிக்கு இறங்கி உட்கார்ந்திருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், தே ஓ (பாலில்லாத டீ) வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

லினக்ஸில் பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் இருக்கிறதே என்று யாராவது எழுதுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஆமாம் இருக்கிறது, இப்போது தமிழ் யூனிகோடும் ஒழுங்காக வருகிறது. ஆனால் அந்த இருபது வருஷக் கோப்புகளை யார் உட்கார்ந்து மாற்றுவது? நானா?

இப்போது இரண்டாவது ஆள். பட்டர்வொர்த்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி டீச்சர். 2015 வாக்கில் வாங்கிய மடிக்கணினி, 4 ஜிபி ரேம், சுற்றுகிற பழைய வன்தட்டு. திறந்துவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தால் மேசை தெரியும், அவ்வளவு வேகம். ஆனால் அவர் விண்டோஸைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "எனக்கு முட்டி வலிக்கிற மாதிரி அதுக்கும் வயசாச்சு தம்பி" என்பார். அதைக் கொண்டுபோய் நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுற்றாத வேகமான வன்தட்டு, வாங்கிப் போட்டு, மின்ட் ஏற்றிக் கொடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் செய்தேன், ஆனால் நான் கேட்டது அவருக்குப் புரிந்திருக்காது, "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்றுவிட்டார்.

திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, சீட்டு விளையாட்டு எங்கே? சாலிட்டேர் போட்டுக் கொடுத்தேன். யூடியூப், முகநூல், மெல்போர்னில் இருக்கும் மகளோடு வீடியோ பேச்சு, எல்லாம் உலாவியில்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே ஒரு சிக்கல் தமிழ்த் தட்டச்சில் வந்தது. அவர் முரசு அஞ்சலில் பழகியவர், அதாவது நம் கோலாலம்பூர் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய தமிழ் மென்பொருள், இந்த ஊரில் அந்த வயசுக்காரர்கள் பாதிப் பேர் கணினியில் தமிழ் எழுதக் கற்றதே அதில்தான். லினக்ஸில் நான் வைத்துக் கொடுத்த ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ந, ன, ண மூன்றும் அவர் விரல் தேடிய இடத்தில் இல்லை. இலக்கணம் சொல்லிக் கொடுத்த டீச்சர் கோயில் மகளிர் குழுவுக்கு அனுப்பிய கூட்டக் குறிப்பில் "நன்றி" தப்பாகப் போனதில் அவருக்கு உண்மையிலேயே மானம் போய்விட்டது. ஒரு துண்டுத் தாளில் எந்த எழுத்துக்கு எந்த விசை என்று எழுதித் திரைக்குக் கீழே செலோடேப் போட்டு ஒட்டினேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது தாள் மஞ்சளடித்து ஒரு மூலை கிளம்பியிருந்தது, அவர் அதைப் பார்க்காமலே அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த முதல் மாதத்தில் எனக்குப் பதினோரு தடவை போன் வந்தது. பழைய பிரிண்டர் ஒன்று மட்டும் அசல் லினக்ஸ் சிக்கல், ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. மிச்சமெல்லாம் விண்டோஸ் இருந்தாலும் வந்திருக்கும்: கடவுச்சொல் மறந்துபோச்சு, போட்டோ எங்கே போச்சு, ஒலி வரவில்லை (வால்யூமைக் குறைத்திருந்தார்). அவருக்கு லினக்ஸ் என்றால் நான்தான். கணினியில் என்ன ஓடுகிறது என்று யாராவது கேட்டால் "தம்பி போட்டது" என்று சொல்கிறாராம்.

இதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். விண்டோஸில் ஏதாவது கோளாறு என்றால் பக்கத்து வீட்டுப் பையன், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், கொம்தார் பக்கத்துக் கடை, யாரையும் கேட்கலாம், எல்லோருக்கும் அரைகுறையாகவாவது தெரியும். லினக்ஸில் கோளாறு என்றால் என்னைத்தான் கேட்கவேண்டும். என்னால் ஆறேழு வீடு தாங்கும், அதற்கு மேல் என் பொண்டாட்டி விடமாட்டாள். ஊருக்கு ஊர் என்னைப் போல் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதை ஏழால் பெருக்கிக்கொள்ளுங்கள், மாறுகிறவர்கள் கணக்கு அவ்வளவுதான். எரிச்சல் இந்தக் கணக்கில் வரவே இல்லை பாருங்கள்.

இலவசம் என்ற பேச்சும் நம் ஊரில் எடுபடாது. வெளியூர்க் கட்டுரைகளில் விண்டோஸுக்குக் காசு கட்டவேண்டும், லினக்ஸுக்கு வேண்டாம் என்று பெரிய காரணமாக எழுதுவார்கள். இங்கே யார் விண்டோஸுக்குக் காசு கட்டினார்கள்? மடிக்கணினியோடு வந்திருக்கும், இல்லையென்றால் ஏதாவது ஒரு கடையில் ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு எதையோ ஏற்றிக் கொடுத்திருப்பார்கள், அது எப்படி வந்தது என்று நாமும் கேட்டதில்லை. இப்போதும் அதே கடைகளில் ரூஃபஸ் என்ற கருவியை வைத்து டிபிஎம் சோதனையைத் தாண்டி 11ஐப் பழைய கணினியில் ஏற்றித் தருகிறார்கள். நல்ல வழி என்று சொல்லமாட்டேன், ஆனால் நடப்பது அதுதான்.

கோபம் வந்தால் ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று பழைய கதையைப் பாருங்கள். 2007இல் விஸ்டா வந்தது, எல்லோரும் திட்டினார்கள், எக்ஸ்பியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே தூக்கியது, எல்லோரும் 7ஐக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு தடவையும் "இதோ லினக்ஸ் வருஷம் வந்தாச்சு" என்று சொன்ன கூட்டத்தில் நானும் ஒருத்தன். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற பிறகும் அதை ஓட்டினவர்களை எனக்கு நேரில் தெரியும். கோபப்பட்டவன் முன்னால் போவதில்லை, பழையதிலேயே தங்கிவிடுகிறான். இந்தத் தடவையும் அதற்கு வசதி செய்து கொடுத்துவிட்டார்கள், விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிக்கலாம், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்புப் பதிவு செய்தால் காசும் கிடையாது. அச்சக அண்ணன் அதைத்தான் செய்தார். நான்தான் செய்து கொடுத்தேன்.

அரசாங்கங்களே முயன்று பார்த்திருக்கின்றன. ஜெர்மனியில் மூனிக் நகர மன்றம் ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது, 2013இல் வேலை முடிந்தது, 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று மன்றம் ஓட்டுப் போட்டது. நம் நாட்டில் அரசாங்க நிர்வாகத்தை நவீனப்படுத்தும் அமைப்பான மாம்பு 2004லேயே பொதுத்துறைக்குத் திறமூல மென்பொருள் (லினக்ஸ் மாதிரி, உள்ளே இருப்பதை யாரும் பார்த்து மாற்றக்கூடியது) பெருந்திட்டம் போட்டது. நான் போகிற அரசாங்க அலுவலகக் கவுன்டர்களில் இன்றைக்கும் விண்டோஸைத்தான் பார்க்கிறேன்.

உண்மையில் ஜனங்கள் பெரிய அளவில் மாறிய இடம் ஒன்று உண்டு, கையில் இருக்கும் போன். ரோட் டாக்ஸ், லைசன்ஸ் எல்லாம் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் வந்துவிட்டது, வங்கி போனில், பிள்ளைகளின் பள்ளிச் செய்தி வாட்ஸப்பில். கணினி சரியில்லை என்றால் சரி செய்வதில்லை, மூடி அலமாரி மேல் வைத்துவிடுகிறார்கள். போனில் ஓடும் ஆண்ட்ராய்டுக்குள் இருப்பதும் லினக்ஸின் கரு, அதாவது மையப் பகுதிதான், அதனால் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று என் நண்பன் ஒருத்தன் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) வாதாடுவான். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அவனைப் பேசவிட்டுக் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

மேசைக் கணினிகளில், இணையப் பயன்பாட்டைக் கணக்கிடும் ஸ்டாட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்குப்படி லினக்ஸ் 2024 பிப்ரவரியில் முதல் தடவையாக 4 விழுக்காட்டைத் தாண்டியது. லினக்ஸில் ஓடும் கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்டீம் டெக் 2022இல் வந்த பிறகு விளையாட்டுக்காரப் பையன்கள் கொஞ்சம் பேர் வந்திருக்கிறார்கள், அவர்கள் தாங்களே நோண்டிக்கொள்வார்கள், என்னைக் கூப்பிடமாட்டார்கள், அதுவே பெரிய உபகாரம். ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி ஆட்டங்கள் லினக்ஸில் ஓடாது, அதை ஆடுகிற பையனிடம் மாறச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நீங்கள் உங்களுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்து மின்ட்டை ஏற்றி, நிறுவாமல் ஒரு சனிக்கிழமை முழுக்க ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு மூன்றையும் முதலில் சோதியுங்கள். வருமான வரி இ-ஃபைலிங், வங்கி எல்லாம் எனக்கு உலாவியில் வருஷா வருஷம் ஓடுகிறது, அதற்குப் பயப்படவேண்டாம். கடை வைத்திருந்தால் உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதா என்று பாருங்கள், ஆமாம் என்றால் அந்தக் கணினியைத் தொடாதீர்கள். முக்கியமாக, கோளாறு வந்தால் கூப்பிட உங்களுக்கு ஓர் ஆள் இருக்கிறாரா?

போன வாரம் அண்ணன் போன் பண்ணினார். ஏதோ புதுப்பிப்பு ஓடி, அடித்துக்கொண்டிருந்த வேலை நடுவில் நின்றுபோச்சாம், பத்து நிமிஷம் திட்டினார்.

"எப்பத்தான் லினக்ஸ் போடப் போற நீ?"

"போட்டுடலாம்ணே, இந்த ஞாயித்துக்கிழமையே வரேன்."

"வா. ஆனா பேஜ்மேக்கர் இருக்கணும், சொல்லிட்டேன்."